கடலில்லா ஊரில் கருமணல்

கன்னியாகுமரி முக்கடல் கரையில், சிப்பி மாலைகளுக்கும் சங்குகளுக்கும் நடுவே ஏழு நிற மணலைச் சிறு பொட்டலங்களாகக் கட்டி விற்கும் கடைகளை அங்கு போய்வந்த எவரும் பார்த்திருப்பர். சுசீந்திரத்துத் தாணுமாலயனுக்கும் குமரி அம்மனுக்கும் நடக்கவிருந்த கல்யாணம் நின்றுபோனதால், சமையலுக்கு வைத்த அரிசியும் பருப்பும் அப்படியே மணலாகிவிட்டன என்பது ஊர்க் கதை. கனிமவியல் சொல்லும் கதை வேறு: கறுப்பாக இருப்பது இல்மனைட், சிவப்பு கார்னெட், தேன் மஞ்சளாக இருப்பது மோனசைட், கண்ணாடித்தூள் போல் மினுங்குவது சிர்க்கான். இந்தக் கட்டுரை அந்தப் பொட்டலத்தின் கறுப்புப் பங்கைப் பற்றியது. இதே மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கரையில் கிடக்கும் அதே கனிமம் நிலவிலும் கிடக்கிறது. அங்கே மனிதர் தங்கும் தளமும் ராக்கெட்டுகளுக்கு எரிபொருள் நிரப்பும் நிலையமும் அமைக்க எண்ணும் பொறியாளர்கள் அரை நூற்றாண்டாக அதன்மீது ஒரு கண் வைத்திருக்கிறார்கள்.

எதற்காக நிலவில் மண்ணைத் தோண்ட வேண்டும் என்ற கேள்விக்கு விடை ராக்கெட்டின் எடைக் கணக்கில் இருக்கிறது. சந்திரயான்-3 புறப்பட்டபோது அதைத் தூக்கிச் சென்ற எல்விஎம்-3 ராக்கெட்டின் எடை ஏறத்தாழ 640 டன். அதன் முடிவில் நிலவை நோக்கி இறங்கத் தொடங்கிய விக்ரம் தரையிறங்கு கலமோ, தன் எரிபொருளையும் சேர்த்து 1,752 கிலோதான். அதற்குள் இருந்த பிரக்யான் ஊர்தி 26 கிலோ. மீதியில் பெரும்பகுதி வழியிலேயே எரிந்தோ கழன்று விழுந்தோ போயிற்று. ஆரல்வாய்மொழியைத் தாண்டி நெல்லை மாவட்ட எல்லைக்குள் நுழைந்தால் காவல்கிணறு அருகே வருகிற மகேந்திரகிரியில், இந்த ராக்கெட்டின் மேல்நிலைக்கான (கடைசியாக எரியும் உச்சிப் பகுதி) சிஇ-20 கிரையோஜெனிக் இயந்திரத்தை நிறுத்திவைத்து எரித்துச் சோதிக்கிறார்கள். அந்த மேல்நிலை சுமக்கும் 28 டன் எரிபொருளில் ஏறத்தாழ 23 டன், ஹைட்ரஜனை எரியச் செய்யும் திரவ ஆக்சிஜன். ஹைட்ரஜன் எஞ்சிய சிறு பங்குதான். ஒரு மனிதருக்கு மூச்சுவிட நாளொன்றுக்கு ஒரு கிலோவுக்கும் குறைவான ஆக்சிஜன் போதும். ஆகவே விண்வெளியில் ஆக்சிஜனுக்குப் பெரும்பசி உள்ளது மனிதருக்கு அல்ல, இயந்திரத்துக்கு. நிலவிலிருந்து திரும்பி வரவோ அங்கிருந்து மேலும் தொலைவு போகவோ வேண்டிய ஆக்சிஜனைப் பூமியிலிருந்து சுமக்காமல் அங்கேயே எடுத்துக்கொண்டால், சுமையின் மிகப் பெரிய பங்கு குறைந்துவிடும்.

இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்க மருந்துவாழ்மலை ஒன்றே போதும். லட்சுமணனின் உயிரைக் காக்கச் சஞ்சீவி மூலிகை தேடிப் போன அனுமன், எது மூலிகை என்று பிரித்தறியாமல் மலையையே பெயர்த்துக்கொண்டு பறந்தான். அதிலிருந்து விழுந்த துண்டுதான் பொற்றையடிக்கு அருகே நிற்கும் இந்த மலை என்பார்கள். அனுமனுக்கு எடை ஒரு பொருட்டல்ல. ராக்கெட்டுக்கு எடையைத் தவிர வேறு கவலையே இல்லை. அது மூலிகையை மட்டும்தான் எடுத்துப் போக முடியும். அதற்கு மூலிகையை மலையிலிருந்து முதலில் பிரித்தாக வேண்டும்.

நிலவு மண்ணின் எடையில் நாற்பது சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜன் என்பது அப்பல்லோ பயணிகள் கொண்டுவந்த மாதிரிகளிலிருந்தே தெரிந்த செய்தி. ஆனால் அது காற்றாக இல்லை. சிலிக்கன், அலுமினியம், கால்சியம், இரும்பு ஆகியவற்றோடு இறுகப் பிணைந்து கல்லாக இருக்கிறது. அந்தப் பிணைப்புகளில் ஒப்பீட்டளவில் தளர்ந்தது இரும்புக்கும் ஆக்சிஜனுக்கும் இடையிலானது. இல்மனைட்டின் பெருமை அங்கே தொடங்குகிறது. ஓர் இரும்பு அணு, ஒரு டைட்டானியம் அணு, மூன்று ஆக்சிஜன் அணுக்கள் என்பது அதன் கட்டமைப்பு. ஏறத்தாழ 900 முதல் 1,000 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அதன்மீது ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தினால், மூன்று ஆக்சிஜனில் ஒன்றை ஹைட்ரஜன் பறித்துக்கொண்டு நீராவியாக வெளியேறும். இரும்பும் டைட்டானியம் டை ஆக்சைடும் பின்தங்கும். அந்த நீராவியைக் குளிர்வித்து மின்சாரத்தால் பிரித்தால் ஆக்சிஜன் கைக்கு வரும், ஹைட்ரஜன் மறுபடி உலைக்குப் போகும். பூமியிலிருந்து கொண்டுபோகும் ஹைட்ரஜன் தீர்ந்துபோகாமல் சுற்றிச்சுற்றி உழைக்கும் என்பதே இந்த முறையின் அழகு.

கணக்குப் போட்டுப் பார்த்தால் அழகு சற்றுக் குறைகிறது. தூய இல்மனைட் ஒரு டன்னிலிருந்து இந்த வழியில் அதிகபட்சம் 105 கிலோ ஆக்சிஜன்தான் கிடைக்கும். நிலவு மண்ணில் இல்மனைட் பத்து சதவீதம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு டன் மண்ணுக்குப் பத்து கிலோ சொச்சம். மகேந்திரகிரியில் சோதிக்கும் அந்த ஒற்றை மேல்நிலைக்கு வேண்டிய 23 டன்னை நிரப்ப, ஒரு துளியும் வீணாகவில்லை என்று கொண்டாலும் 2,200 டன் மண் வேண்டும். நம் மலையோரச் சாலைகளைக் குழியாக்கும் டாரஸ் லாரிக்கு இருபது டன் என்று வைத்தால் 110 லோடு. அத்தனையையும் ஆயிரம் டிகிரிக்குச் சூடாக்குவது மடமை. அதில் பத்தில் ஒன்பது பங்கு நமக்கு வேண்டாத கல். சூடாக்குவதற்கு முன்பே கறுப்பைத் தனியாகப் பிரித்துவிட்டால் 220 டன்னோடு வேலை முடிந்துவிடும். நிலவுத் தொழிற்சாலை பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் உலையைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கென்னவோ, மையக் கேள்வி உலைக்கு முந்திய இந்தப் பிரிக்கும் வேலையில்தான் இருப்பதாகத் தோன்றுகிறது. மணவாளக்குறிச்சியில் அந்த வேலையைக் காலங்காலமாகச் செய்துவருவது கடல்.

இங்கே கருமணல் எப்படி வந்தது என்று பார்ப்போம். மேற்குத் தொடர்ச்சி மலையின் பழம்பாறைகளில் இல்மனைட் அங்கொன்றும் இங்கொன்றுமாக மிகச் சிறு அளவில் சிதறிக் கிடக்கிறது. அந்தப் பாறையைத் தோண்டி எடுக்க எந்த நிறுவனமும் முன்வராது. ஆனால் இரு பருவமழையும் வெயிலும் பாறையைப் பல லட்சம் ஆண்டுகளாக உளுத்துப்போகச் செய்தன. மென்மையான கனிமங்கள் களிமண்ணாகக் கரைந்தன, கடினமானவை மணியாக உதிர்ந்தன. குழித்துறைத் தாமிரபரணியும் வள்ளியாறும் பழையாறும் அந்த மணிகளைக் கடலுக்குச் சுமந்துவந்தன. அங்கே அலை தன் வேலையைத் தொடங்கியது. சுளகில் அரிசியைப் புடைத்துக் கொழிக்கும் கைக்கு எது கல், எது அரிசி என்று தெரிவதுபோல, கரையேறும் அலை எல்லா மணலையும் மேலே தள்ளிவிட்டு, திரும்பும்போது இலேசானதை மட்டும் உடன் இழுத்துச் செல்கிறது. வெண்மணலான குவார்ட்சின் அடர்த்தி நீரைப்போல் 2.65 மடங்கு, இல்மனைட்டுக்கு 4.7 மடங்கு. ஒவ்வோர் அலையிலும் கறுப்பு சற்றே கூடுதலாகப் பின்தங்குகிறது. வள்ளியாறு கடலில் சேரும் கடியபட்டணத்துக்கும் மணவாளக்குறிச்சிக்கும் இடைப்பட்ட கரையில், ஆனி ஆடி மாதங்களில் கடல் பொங்கி அடங்கிய பிறகு போய்ப் பார்த்தால், கரை முழுதும் மை தடவியதுபோல் கறுத்துக் கிடக்கும். கூலி கேட்காத ஒரு வேலையாள், நிறுத்தாமல் கொழித்துக் குவித்த குவியல் அது.

நிலவில் ஆறு இல்லை, அலை இல்லை, காற்றும் இல்லை. அங்கே பாறையை உடைத்தது விண்கற்களின் மோதல். மோதல் உடைக்கும், கொழிக்காது. சொல்லப்போனால் அது பிரிந்ததையும் சேர்த்து ஒட்டிவிடுகிறது: நுண்கல் மோதும் வெப்பத்தில் மண்ணின் ஒரு பகுதி உருகிக் கண்ணாடியாகி, பக்கத்திலுள்ள மணிகளைத் தன்னோடு பிணைத்துக்கொள்கிறது. ஆகவே நிலவு மண்ணின் பல துகள்களில் இல்மனைட் தனி மணியாக இல்லை. எள்ளுருண்டையில் எள் போல மற்றவற்றோடு ஒட்டிக் கிடக்கிறது. துகள்களின் சராசரி அளவும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. முனைகள் அலையில் உருண்டு மழுங்காததால் கூர்மையானவை. கனிமம் இருப்பது ஒன்று, வளமாக இருப்பது வேறொன்று என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. டைட்டானியம் எத்தனை சதவீதம் என்ற எண்ணை வைத்து மட்டும் நிலவை ‘கனிமச் சுரங்கம்’ என்று எழுதுவோர் இந்த வேற்றுமையைப் பெரும்பாலும் தவறவிடுகிறார்கள்.

கடல் பாதி செய்த வேலையை மணவாளக்குறிச்சியில் மீதி முடிப்பது ஐஆர்இஎல் என்ற பொதுத்துறை நிறுவனத்தின் ஆலை. அங்குள்ள முறையை எளிதாகச் சொல்லலாம். மணலை நீரோடு கலந்து திருகுசுருள் வடிவ ஓடைகளில் இறக்கும்போது கனமானது உள்விளிம்பில் தங்கி, இலேசானது வெளிப்பக்கம் ஒதுங்கும். பிறகு மணலை உலர்த்திச் சூடாக்கி, உயர் மின்னழுத்தம் கொண்ட சுழலும் உருளைகள்மேல் கொட்டுவார்கள். மின்சாரத்தைக் கடத்தும் இல்மனைட்டும், டைட்டானியம் டை ஆக்சைடு கனிமமான ரூட்டைலும் மின்னூட்டத்தை உடனே இழந்து எறியப்பட, கடத்தாத மோனசைட், சிர்க்கான், கார்னெட் உருளையில் ஒட்டிக்கொண்டு அப்பால் போய் விழும். அடுத்து காந்தம்: இல்மனைட் ஈர்க்கப்படும், ரூட்டைல் ஈர்க்கப்படாது. காந்தப் படியை வீட்டிலேயே பார்க்கலாம். பழுதான ஹார்டு டிஸ்க்கிலிருந்து கழற்றிய காந்தத்தை ஒரு தாளில் சுற்றி, பொட்டலத்து மணலை உலர்த்திப் பரப்பி அதன்மேல் மெல்ல நகர்த்தினால், கறுப்பு மணிகள் மீசைபோல் எழுந்து ஒட்டும். இடையிடையே சில சிவப்பு மணிகளும் வரும், அவை இரும்பு கலந்த கார்னெட். வெண்மணல் அசையாது. அந்தக் காந்தத்திலுள்ள நியோடிமியம், பொட்டலத்திலேயே மஞ்சளாகக் கிடக்கும் மோனசைட்டில் இருக்கும் தனிமங்களில் ஒன்று.

இந்த மூன்று படிகளில் எது நிலவுக்குப் போகும்? நீர்ச்சுருள் போகாது, நீரே அங்கே பொன்னைவிட அரிது. காந்தம் போகும், ஆனால் நிலவு மண்ணில் சிறு இரும்புத் துகள்கள் கண்ணாடிக்குள்ளும் புதைந்திருப்பதால், அது வேண்டாத கண்ணாடியையும் சேர்த்து இழுக்கும். மின்னழுத்தப் பிரிப்புதான் சுவையானது. நம் கரையில் காற்றின் ஈரப்பதம் அதற்கு எதிரி; அதனால்தான் மணலைச் சூடாக்குகிறார்கள். நிலவில் ஈரம் அறவே இல்லை, மண் எப்போதும் உலர்ந்திருக்கும், அது பெரும் வசதி. ஆனால் இங்குள்ள உருளைகள் மணலுக்கு மின்னூட்டம் தருவது, கூர்முனைக் கம்பியைச் சுற்றியுள்ள காற்றை அயனியாக்கித்தான். காற்றே இல்லாத இடத்தில் அந்த வழி அடைபட்டுவிடுகிறது. துகள்களை ஒன்றோடொன்று உரசவிட்டோ, மின்புலத்தால் தூண்டியோ ஊட்டம் ஏற்றும் வேறு வழிகளை ஆய்வுக்கூடங்களில் முயன்று வருகிறார்கள். மணவாளக்குறிச்சி ஆலையை அப்படியே பெயர்த்து நிலவில் வைக்க முடியாது; அதன் கருத்தைத்தான் கொண்டுபோக முடியும்.

எது மூலப்பொருள், எது கழிவு என்பது காலத்தோடு மாறுவதற்கும் இந்தக் கரையே சாட்சி. 1909இல், திருவிதாங்கூரிலிருந்து ஜெர்மனிக்குப் போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் மோனசைட்டைக் கண்டார். அதன்பின் மணவாளக்குறிச்சிக்கே வந்து ஆலை வைத்தார். அப்போது உலகுக்கு வேண்டியிருந்தது மோனசைட்டிலுள்ள தோரியம். பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேன்டிலைப் போன்ற வாயுவிளக்கு வலைகளுக்கு அது உயிர். கறுப்பு இல்மனைட் அன்று பக்கத்தில் ஒதுக்கிவிட வேண்டிய பொருள். வெள்ளைப் பெயின்டுக்கு டைட்டானியம் டை ஆக்சைடு தேவைப்பட்ட பிறகே கறுப்புக்கு மதிப்பு வந்தது.

இன்னும் வியப்பான தலைகீழ் மாற்றம் 1990களின் பிற்பகுதியில் கேம்பிரிட்ஜில் தொடங்கியது. டெரெக் ஃப்ரே, டாம் ஃபார்திங், ஜார்ஜ் சென் ஆகியோர் டைட்டானியம் டை ஆக்சைடை உருகிய கால்சியம் குளோரைடில் அமிழ்த்தி, மின்சாரம் செலுத்தி, அதிலிருந்து ஆக்சிஜனை வெளியேற்றி டைட்டானிய உலோகத்தை எடுக்கும் முறையைக் கண்டறிந்தார்கள். உலோகம்தான் இலக்கு, ஆக்சிஜன் கரியாலான மின்வாயோடு (மின்சாரம் பாயும் முனை) சேர்ந்து வாயுவாக வெளியேறும் கழிவு. நிலவுக்கு வந்தவுடன் அதே தொட்டியில் இலக்கும் கழிவும் இடம் மாறிக்கொண்டன. 2019இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகம் சார்ந்த ஆய்வுக் குழு, நிலவு மண்ணைப்போல் தயாரித்த தூளிலிருந்து இம்முறையில் 96 சதவீத ஆக்சிஜன் நீங்கியதாகக் காட்டியது. வாயுவாகப் பிடிக்க முடிந்தது அதில் ஒரு பகுதியே. ஐரோப்பிய விண்வெளி முகமை நெதர்லாந்திலுள்ள தன் கூடத்தில் இதற்கென ஓர் அமைப்பை நிறுவியது. இங்கே இல்மனைட்தான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, எந்த மண்ணையும் போடலாம். விலையாகக் கேட்பது பெருமளவு மின்சாரமும், தேயாத மின்வாயும், கால்சியம் குளோரைடு உப்பைப் பூமியிலிருந்து சுமந்துபோகும் செலவும்.

எந்த மண்ணையும் போடலாம் என்பது சிறு செய்தியல்ல. நிலவின் கரும்புள்ளிகளாக நமக்குத் தெரியும் பாசால்ட் (உறைந்த எரிமலைக் குழம்பு) சமவெளிகளில்தான் இல்மனைட் மிகுதி. அப்பல்லோ-11 இறங்கியது அத்தகைய இடம். அங்கிருந்து வந்த கற்களில் கண்ட ஒரு டைட்டானியக் கனிமத்துக்கு ஆம்ஸ்ட்ராங், ஆல்ட்ரின், காலின்ஸ் மூவரின் பெயரையும் கூட்டி ஆர்மல்கோலைட் என்றே பெயர் வைத்தார்கள். ஆனால் இன்று எல்லா நாடுகளும் போக விரும்புவது தென்துருவத்துக்கு. சூரியன் எட்டிப் பார்க்காத பள்ளங்களில் பனிக்கட்டி இருப்பதால். சந்திரயான்-1 காட்டிய நீர்த்தடயமும், 2009 அக்டோபரில் நாசாவின் எல்கிராஸ் பயணத்தில் கபேயுஸ் பள்ளத்தில் மோதவிட்ட ராக்கெட் பகுதி கிளப்பிய தூசியில் கண்ட நீரும் அந்த ஆசையை வளர்த்தன. துருவப் பக்கத்து மேட்டுநிலமோ டைட்டானியத்தில் ஏழை. 2023 ஆகஸ்ட் 23 அன்று விக்ரம் இறங்கிய ஏறத்தாழ 69 டிகிரி தென் அகலக்கோட்டுப் பகுதியில், பிரக்யான் ஊர்தி நூறு மீட்டர் அளவுக்கு நகர்ந்து அளந்த மண்ணும் அனார்த்தசைட் என்ற வெளிர்நிற மேட்டுநிலப் பாறை வகையை ஒட்டியதே. கருமணல் உள்ள இடத்தில் பனி இல்லை, பனி உள்ள இடத்தில் கருமணல் இல்லை. ஆழ்கடலும் துறைமுகமும் வேறு வேறு ஊரில் இருந்தால் மீனவர் படும் பாடு இது.

அதே விக்ரம் கலத்தில் இருந்த வெப்பமானி மற்றொன்றையும் சொன்னது: பகலில் மேற்பரப்பு சுட்டுக்கொண்டிருக்க, வெறும் எட்டு சென்டிமீட்டர் ஆழத்தில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே. நிலவு மண் அவ்வளவு நல்ல வெப்பத்தடை. குழிக்குள் புதைத்த தளத்துக்கு அது நன்மை; ஆயிரம் டிகிரிக்கு மண்ணைச் சூடாக்க வேண்டிய உலைக்குத் தீமை, ஏனெனில் ஓரத்தில் கொடுத்த வெப்பம் நடுவுக்கு எளிதில் போகாது. இரண்டு வார இரவில் சூரிய மின்சாரமும் இராது. முப்பந்தலில் காற்றாடிகள் ஆடி மாதத்தில் நிற்காமல் சுழல்வதைப் பார்த்துப் பழகிய நமக்கு, காற்றும் வெயிலும் ஒருசேர இல்லாத இரண்டு வாரத்தைக் கற்பனை செய்வதே கடினம். சிறு அணு உலை அல்லது துருவ மேடுகளின் நீண்ட வெளிச்சம் என்று விடைகள் பேசப்படுகின்றன. கூரிய தூசி புகுந்தால் உலைவாயின் அடைப்புகள் தேயும். தேய்ந்தால் சுற்றிச்சுற்றி உழைக்க வேண்டிய ஹைட்ரஜன் கசிந்துபோகும்.

செயலில் காட்டப்பட்டது இதுவரை எவ்வளவு என்றால், செவ்வாயில் பெர்செவரன்ஸ் ஊர்தியிலிருந்த மாக்ஸி என்ற கருவி அங்குள்ள கரியமில வாயுவிலிருந்து 2021 முதல் 2023 வரை 16 முறை இயங்கி மொத்தம் 122 கிராம் ஆக்சிஜன் எடுத்தது. ஒரு மனிதர் சில மணி நேரம் மூச்சுவிடப் போதுமானது. பூமிக்கு வெளியே ஒரு மூலப்பொருளிலிருந்து ஆக்சிஜனைச் செய்துகாட்டிய முதல் முயற்சி என்பதால் எனக்கு அது பெரிய செய்தியே.

மற்ற கனவுகளை விரைவாகக் கடந்துவிடலாம். நிலவின் ஹீலியம்-3 பற்றி அடிக்கடி எழுதுகிறார்கள். நூறு டன் மண்ணைச் சூடாக்கினால் ஒரு கிராம் என்ற அளவில்தான் அது இருக்கிறது, அதை எரிக்கும் அணுப்பிணைவு உலையும் இன்னும் வரவில்லை. சிறுகோள்களிலிருந்து பிளாட்டினம் கொண்டுவரத் தொடங்கிய நிறுவனங்கள் ஒரு பத்தாண்டுக்குள் கைமாறி ஓய்ந்தன. நிலநடுக்கோட்டிலிருந்து 36,000 கிலோமீட்டர் உயரத்துக்கும் அப்பால் வரை கயிறு கட்டும் விண்தூக்கிக்கு ஏற்ற வலிமையுள்ள இழை நீளமாகக் கிடைத்தபாடில்லை. ஜெரார்ட் ஓ’நீல் 1970களில் முன்வைத்த, மின்காந்த விசையால் சரக்கை விண்ணில் எறியும் எறிபாதை மட்டும் நிலவுக்கு உண்மையிலேயே பொருந்தும்: காற்றுத் தடையில்லை, நிலவின் ஈர்ப்பிலிருந்து தப்பும் வேகம் நொடிக்கு 2.4 கிலோமீட்டர்தான். ஆனால் எறிவதற்கு முதலில் பிரித்தெடுத்த சரக்கு வேண்டும்.

யாருடைய மணல் என்ற கேள்வி நிலவிலும் இருக்கிறது. 1967 விண்வெளி ஒப்பந்தப்படி எந்த நாடும் நிலவைச் சொந்தம் கொண்டாட முடியாது. தோண்டி எடுத்த பொருள் எடுத்தவருக்கே என்று அமெரிக்காவும் லக்சம்பர்க்கும் தம் நாட்டுச் சட்டங்களில் எழுதிக்கொண்டன. இந்தியா 1979 நிலவு உடன்பாட்டில் கையெழுத்திட்டும் உறுதிசெய்யவில்லை. 2023 ஜூனில் அமெரிக்கா முன்னெடுத்த ஆர்ட்டெமிஸ் உடன்படிக்கையில் சேர்ந்தது. கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்தைக் கடற்கரை மக்கள் எதிர்த்ததைப் பார்த்தவர்களுக்கு, எடுத்த குழியை யார் மூடுவார், கரை அரித்தால் யார் பொறுப்பு என்ற கேள்விகள் புதியவை அல்ல. நிலவில் அரிக்கும் கடலில்லை, கேட்கும் ஊரில்லை. குழி மட்டும் கோடிக்கணக்கான ஆண்டுகள் அப்படியே கிடக்கும்.

உலையிலிருந்து வெளியே வரும் கசடு பற்றியும் சொல்ல வேண்டும். ஆக்சிஜன் போன பிறகு எஞ்சுவது இரும்பும் டைட்டானியம் டை ஆக்சைடும் கலந்த தூள். பூமியில் அந்த இரும்பை நீக்கினால் கிடைப்பதற்குச் செயற்கை ரூட்டைல் என்று பெயர். பெயின்டுக்கும், டைட்டானிய உலோகம் செய்வதற்கும் விலை போகும் பொருள். மணவாளக்குறிச்சி இல்மனைட் அதற்குத்தான் மூட்டை கட்டப்படுகிறது, அதிலுள்ள ஆக்சிஜனை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. நிலவில் ஆக்சிஜன் தொட்டிக்குப் போய்விடும்; நம்மூரில் லாரி ஏறும் சரக்கு அங்கே ஆலையின் பின்பக்கம் ஒரு சாம்பல் மேடாகக் கொட்டிக் கிடக்கும்.